ஹாண்ட்லரைப் பழிக்கும் முன்: ஆர்டி-11இல் ஆர்எல்02 டிஸ்க் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்குதல்

ஆர்டி-11 என்ற ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஓடும் பழைய பிடிபி-11 மினிகணினியில் டிஸ்க் முரண்டு பிடித்தால் அநேகமானோர் முதலில் கைவைப்பது ஹாண்ட்லரில்தான், அதாவது டிஸ்கோடு பேசும் நிரலில். கோப்பை மாற்றிப் போடுவார்கள், செட் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பார்கள், கடைசியில் இனிஷியலைஸ் கொடுத்து இருந்ததையும் அழித்துவிடுவார்கள். ஹாண்ட்லர் ஒரு சின்ன நிரல். பல வருடம் அசையாமல் கிடந்த கோப்பு தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். கெடுவதெல்லாம் அதற்குக் கீழே இருப்பவை: ட்ரைவ், கேபிள், கொன்ட்ரோலர் கார்ட், கார்ட்களை இணைக்கும் பஸ். அவை நன்றாக இருக்கின்றன என்று கையோடு நிரூபித்த பிறகு ஹாண்ட்லரிடம் வந்தால் போதும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பிடிபி-11/23, ஆர்எல்வி11 அல்லது ஆர்எல்வி12 கொன்ட்ரோலர், ஆர்எல்02 ட்ரைவ் (கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாற்றக்கூடிய டிஸ்க்), அதில் ஆர்டி-11 பதிப்பு 5. ரெஜிஸ்டர் முகவரிகளும் உள்ளே இருக்கும் மதிப்புகளும் எல்லாமே ஒக்டல் (எட்டை அடியாகக் கொண்ட எண்கள்). பிளாக் (டிஸ்கின் தரவுத் துண்டு) எண்ணிக்கைகள் மட்டும் சாதாரண எண்கள்.

கொழும்புக்காரருக்கு முதலில் ஒரு வார்த்தை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கரையோரப் பகுதிகளில் இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் உப்புக்காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். கார்ட் விளிம்பிலுள்ள தங்கப் பூச்சுத் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படியும். அது தரும் கோளாறு இன்றைக்கு வரும், நாளைக்கு மறையும். பென்சில் அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதை விடுங்கள், தங்கம் போய்விடும். ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சற்ற துணி போதும். மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம், காய்ந்த பிறகு படிவு விடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே விசாரிக்கும்போது தூய அல்கஹோல்தானா என்று போத்தல் லேபிளைப் பார்த்தே வாங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த ட்ரைவ் என்றால் பின்பக்கத்து மின்னழுத்தத் தெரிவு 230 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். யூபிஎஸ்ஸும் கட்டாயம். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்ததாகச் சொல்லப்பட்டு நாடே இருண்டது. குரங்குக்கு ஆர்டி-11இன் டிரெக்டரி எழுதி முடிந்ததா என்று தெரியாது.

முதலில் ஓடிடி, அப்புறம்தான் மற்றதெல்லாம்

11/23ஐ ஹோல்ட் பண்ணினால் (ஓட்டத்தை நிறுத்தினால்) திரையில் @ குறி வரும். இதுதான் ஓடிடி, புரொசஸருக்குள்ளேயே இருக்கும் கொன்சோல். ஒப்பரேட்டிங் சிஸ்டமோ ஹாண்ட்லரோ எதுவும் தேவையில்லை. ஆர்எல் கொன்ட்ரோலரின் வழக்கமான முகவரி 174400. ஆனால் 11/23இன் ஓடிடி 18 பிட் முகவரி கேட்பதால் 774400 என்று அடிக்க வேண்டும். (11/73 என்றால் 17774400.) 774400 அடித்து சாய்கோடு போட்டதும் ஒரு எண் வந்தால் கொன்ட்ரோலர் பதில் சொல்கிறது. கேள்விக்குறி வந்தால் அந்த முகவரியில் யாருமில்லை: கார்ட் சரியாக இருக்கவில்லை, அல்லது முகவரி ஜம்பர் வேறு. இந்த நிலையில் ஹாண்ட்லரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

பதில் வந்தால் ட்ரைவின் நிலையைக் கேட்கலாம். 774404இல் 13 போடுங்கள். "பழைய பிழைகளை அழித்துவிட்டு நிலையைச் சொல்" என்பதுதான் அதன் பொருள். பிறகு 774400இல் 4 போடுங்கள். இது ட்ரைவ் 0க்கு. ட்ரைவ் 1 என்றால் 404. இப்போது 774406ஐத் திறந்து பாருங்கள்:

@774404/000000 13
@774400/000201 4
@774406/000235

235 வந்தால் ஆர்எல்02 சுகமாக இருக்கிறது. ஆர்எல்01 என்றால் 35. இந்த 235ஐ மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். கடைசி இலக்கம் 5 என்றால் ஹெட் தடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். முன்னே உள்ள 200 இது ஆர்எல்02 என்பதைச் சொல்கிறது, 20 ஹெட் வெளியே வந்திருப்பதை, 10 பிரஷ் தன் இடத்தில் இருப்பதை. 020235 என்றால் ரைட் புரொடெக்ட் அழுத்தியிருக்கிறது, வேறொன்றுமில்லை. 210 என்றால் ட்ரைவ் சுற்றவே இல்லை, லோட் பொத்தானுக்காகக் காத்திருக்கிறது. அதோடு 40 சேர்ந்திருந்தால் மூடி திறந்திருக்கிறது. 400 சேர்ந்தால் இரண்டு ட்ரைவுக்கு ஒரே இலக்கம் இருக்கக்கூடும். 4000 சுழற்சி வேகக் கோளாறு, 10000 ஹெட் போய்ச்சேர வேண்டிய நேரத்தில் சேரவில்லை. இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளை மூடிவைத்துவிட்டு ஸ்க்ரூட்ரைவரை எடுக்கலாம்.

அறிகுறி: கரண்ட் கொடுத்ததுமே ஃபோல்ட் லைட் எரிகிறது

பயந்து ட்ரைவைக் கழற்றத் தொடங்கிவிடாதீர்கள். ஆர்எல்02 தனக்குத் தேவையான கடிகாரச் சமிக்ஞையை கொன்ட்ரோலரிடமிருந்து பெறுகிறது. ஆகவே சிபியூ பெட்டி நிறுத்தப்பட்டிருந்தாலும் கேபிள் தளர்ந்திருந்தாலும் ட்ரைவ் ஃபோல்ட் காட்டும். வரிசையில் கடைசி ட்ரைவில் டெர்மினேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முன்பக்கத்தில் ரெடி லைட்டின் மேல் இருக்கும் இலக்கப் பிளக். அது வெறும் அலங்கார மூடி அல்ல; அதிலுள்ள நாக்குகள்தான் ட்ரைவின் எண்ணைத் தீர்மானிக்கின்றன. கைமாறி வரும் ட்ரைவ்களில் முதலில் தொலைவது இதுவே.

அறிகுறி: லோட் அழுத்தினேன், சுற்றுகிறது, ஆனால் ரெடி வரவில்லை

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போகவேண்டும். தரவு அழிந்துபோகும் இடம் இதுதான்.

ஆர்எல்02 நிமிடத்துக்கு 2400 சுற்று. சுமார் ஒரு நிமிடத்துக்குள் வேகம் பிடித்து, ஹெட்டை இறக்கி, தடத்தைப் பிடித்து ரெடி காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் மேலே சொன்னபடி நிலையைக் கேட்டு கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 1இல் நின்றால் வேகம் பிடிக்கவில்லை: பெல்ட், மோட்டார், மின்னழுத்தம். 3இல் நின்றால் ஹெட்டை இறக்க முடியவில்லை. வெகுதூரம் பயணம் செய்த ட்ரைவ் என்றால் ஹெட்டைக் கட்டிவைக்கும் பூட்டு இன்னும் விலக்கப்படாமல் இருக்கலாம். 4க்கும் 5க்கும் இடையில் தத்தளித்தால் ஹெட் போய்விட்டது, ஆனால் தடத்தை வாசிக்க முடியவில்லை.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆர்எல் வகை கார்ட்ரிட்ஜில் ஹெட்டை வழிநடத்தும் சேர்வோ தகவல் தரவோடு சேர்ந்தே அதே பரப்பில் எழுதப்பட்டிருக்கிறது. தொழிற்சாலையில் எழுதியது. அதை நாம் வீட்டில் திரும்ப எழுத முடியாது. இதனால்தான் ஆர்எல் கார்ட்ரிட்ஜை ஃபோர்மட் பண்ண எந்தக் கட்டளையும் கிடையாது. "சுத்தப்படுத்துகிறேன்" என்று காந்தத்தால் அழித்த கார்ட்ரிட்ஜ் நிரந்தரமாகப் போனதுதான். சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ்களில் இப்படிப்பட்டவை இருக்கும். ஒரு கார்ட்ரிட்ஜில் ரெடி வராமல் இன்னொன்றில் வந்தால் ட்ரைவைக் குறை சொல்ல வேண்டாம்.

எதிலுமே வரவில்லை என்றால் நிறுத்தி, ஹெட்டைப் பாருங்கள். நல்ல கார்ட்ரிட்ஜை "பரிசோதிக்க" என்று உள்ளே போடக்கூடாது. ஹெட்டில் பழுப்பு நிறப் படிவு இருந்தால் அது ஏதோ ஒரு டிஸ்கின் பரப்பு. அந்த ஹெட்டுக்குக் கீழே வரும் அடுத்த டிஸ்க்கும் அப்படியே உரியும், அந்த டிஸ்க் அடுத்த ட்ரைவின் ஹெட்டைக் கெடுக்கும். அல்கஹோலில் நனைத்த பஞ்சற்ற குச்சியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, பளபளப்பு வரும்வரை வேலை செய்யுங்கள். காற்று வடிகட்டியையும் அதைச் சுற்றிய நுரைப்பொருளையும் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பழைய நுரை பொடியாக உதிர்ந்து, சுத்தமான காற்றைத் தரவேண்டிய பாதையே தூசி வீசும். கார்ட்ரிட்ஜையும் குளிரறையிலிருந்து எடுத்த உடனே போடாதீர்கள். ஏசி அறையில் இருந்து வெளியே கொண்டுவந்தால் பனி படிகிறது, சில மணித்தியாலம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

ஓடும்போது "டிங்" என்றோ கீறுவது போலவோ சத்தம் வந்தால் லோட் பொத்தானை உடனே விடுவியுங்கள். இன்னொரு பிளாக் வாசித்துப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம்.

அறிகுறி: பூட் ஆகிறது, பிறகு உறைந்துவிடுகிறது

ஹாண்ட்லரின் மேல் அநியாயமாகப் பழி விழுவது அதிகமும் இந்த இடத்தில்தான். பூட் ரொம் டிஸ்கைக் கண்டுபிடிக்கிறது, ஏதோ வாசிக்கிறது, ஆனால் கட்டளைக்குத் தயார் என்று ஆர்டி-11 காட்டும் புள்ளிக்குறி வருவதில்லை. வந்தாலும் முதல் டிர் கட்டளையோடு எல்லாம் நின்றுவிடுகிறது. "பூட் ஆனதே, அப்போ ஹார்ட்வேர் நல்லதுதானே" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு விடை "இல்லை" என்பதுதான்.

பூட் ரொம்மும் டிஸ்கின் முதல் பிளாக்கில் இருக்கும் பூட் நிரலும் கொன்ட்ரோலரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் வகை. தேநீர்க்கடை முதலாளியிடம் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டு முன்னால் நிற்பது போல. ஆர்டி-11இன் டிஎல் ஹாண்ட்லர் (ஆர்எல் டிஸ்குக்கு ஆர்டி-11 வைத்த பெயர் டிஎல்) அப்படி அல்ல, சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்ததும் கொன்ட்ரோலர் இன்டரப்ட் கொடுத்து எழுப்ப வேண்டும். இன்டரப்ட் வராவிட்டால் ஹாண்ட்லர் உலகமுடியும்வரை காத்திருக்கும்.

உறைந்த நிலையிலேயே ஹோல்ட் பண்ணி 774400ஐத் திறந்து பாருங்கள். 000315 போன்ற எண் வந்தால் விடை கையில் இருக்கிறது. அதிலுள்ள 200 வேலை முடிந்துவிட்டதைச் சொல்கிறது, 100 இன்டரப்ட் கேட்கப்பட்டிருப்பதைச் சொல்கிறது. வேலை முடிந்தது, மணியும் அடித்தாயிற்று, யாரும் எடுக்கவில்லை. இரண்டு காரணங்கள்தான். ஒன்று, கார்டின் வெக்டர் (இன்டரப்ட் யாருடையது என்று சொல்லும் எண்) ஜம்பரும் ஹாண்ட்லர் எதிர்பார்க்கும் வெக்டரும் வேறு வேறு. வழக்கமானது 160. மற்றது, இந்த இயந்திரத்தின் பஸ்ஸான கியூபஸ்ஸில் இடைவெளி.

இடைவெளிதான் அதிகம் நடப்பது. இன்டரப்ட் ஒப்புதலும் டிஎம்ஏ (கார்ட் தானே நினைவகத்தில் வாசித்து எழுதுவது) அனுமதியும் ஒரு கார்ட் வாங்கி அடுத்த கார்டுக்குக் கொடுத்துப் போகின்றன. நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தால் அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு எதுவும் போய்ச்சேராது. வேறு கார்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அப்படியே மூடியவர்களுக்கு இந்தக் கோளாறு அநேகமாக வரும். எச்9275 போன்ற பேக்பிளேன்களில் (கார்ட்களைச் செருகும் பின்தளம்) வரிசை பாம்பு போல வளைந்து போகிறது, ஆகவே கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது மின்சாரத்துக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். ஆர்எல்வி11 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அது இரண்டு கார்ட், ஒன்றோடொன்று பேசுவது சிடி இணைப்பு உள்ள பேக்பிளேனில்தான். எச்9273 சரி, எச்9275 சரியில்லை. ஆர்எல்வி12 ஒரே கார்ட், இந்தத் தொல்லை இல்லை.

200 இல்லாமல் எண் வந்தால் கொன்ட்ரோலர் இன்னும் முடிக்கவில்லை. டிஎம்ஏ அனுமதிக்காகக் காத்திருக்கக்கூடும், அதுவும் இதே இடைவெளிக் கதைதான். இதை ஆர்டி-11 இல்லாமலே சோதிக்கலாம். ட்ரைவ் இப்போதுதான் ரெடி ஆகி, ஹெட் முதல் தடத்தில் இருக்கும்போது:

@774402/000000 1000
@774404/000013 0
@774406/000235 177400
@774400/000205 14
@1000/000240

முதல் வரி தரவு வந்து விழவேண்டிய நினைவக முகவரி. இரண்டாவது டிஸ்கில் எங்கிருந்து என்பது. மூன்றாவது எத்தனை சொற்கள். குறை எண்ணாக எழுதப்பட்ட 256. நான்காவது "வாசி". 1000இல் 240 வந்திருந்தால் அது வழக்கமான பூட் பிளாக்கின் முதல் சொல். டிஎம்ஏ ஓடுகிறது, ட்ரைவ் வாசிக்கிறது, மிஞ்சியிருப்பது இன்டரப்ட் ஒன்றுதான். இந்த ஐந்து வரி பல இரவுகளைக் காப்பாற்றும்.

அறிகுறி: இன்வாலிட் டிவைஸ் என்கிறது

வேறொரு சாதனத்திலிருந்து பூட் பண்ணிவிட்டு டிஎல்0ஐக் கூப்பிட்டால் வரும். ஷோ டிவைசஸ் அடித்தால் டிஎல் பட்டியலில் இல்லை, அல்லது நொட் இன்ஸ்டோல்ட் என்று இருக்கும். ஆர்டி-11 பூட் ஆகும்போது சிஸ்டம் டிஸ்கில் உள்ள ஹாண்ட்லர் கோப்புகளைப் பார்த்து, ஒவ்வொன்றின் முகவரியையும் தொட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் சத்தமில்லாமல் தள்ளிவிடும். ஆகவே ஓடிடியில் 774400 பதில் சொன்னதா என்பதே முதல் கேள்வி.

பதில் சொல்லியும் இன்ஸ்டோல் ஆகவில்லை என்றால் கட்டளையைக் கையால் அடியுங்கள், இன்ஸ்டோல் டிஎல். இப்போது காரணத்தை வாயைத் திறந்து சொல்லும். "கொன்ஃப்ளிக்டிங் சிஸ்ஜென் ஒப்ஷன்ஸ்" என்று வந்தால் ஹாண்ட்லரும் மொனிட்டரும் (ஆர்டி-11இன் மையநிரல்) வெவ்வேறு தெரிவுகளோடு உருவாக்கப்பட்டவை. எரர் லொக்கிங் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் இருப்பதே போதும். வேறு யாரோ தந்த டிஸ்கிலிருந்து ஹாண்ட்லரை மட்டும் உருவி எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். மொனிட்டரும் ஹாண்ட்லர்களும் ஒரே தொகுப்பிலிருந்து வரவேண்டும். எக்ஸ்எம் என்ற வகை மொனிட்டர் ஓடினால் பெயரின் கடைசியில் எக்ஸ் உள்ள ஹாண்ட்லரைத்தான் அது தேடும். இடமில்லை என்று சொன்னால் பாவிக்காத ஒன்றை ரிமூவ் பண்ணுங்கள்.

அறிகுறி: செட் கொடுத்தேன், எதுவும் மாறவில்லை

செட் டிஎல் சிஎஸ்ஆர் (கொன்ட்ரோலர் முகவரியை மாற்றுவது), செட் டிஎல் வெக்டர் போன்றவை டிஸ்கில் இருக்கும் கோப்பைத்தான் திருத்துகின்றன. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிரதி அப்படியே இருக்கும். சிஸ்டம் டிஸ்க் அதுவே என்றால் மறுபடி பூட் பண்ணுங்கள். ரைட் புரொடெக்ட் அழுத்தியிருந்தால் செட் எழுதவே முடியாது.

அறிகுறி: கார்ட்ரிட்ஜ் மாற்றிய பின் முதல் தடவை பிழை

ஓடிடியில் 001235 தெரிந்தால் அது வொல்யூம் செக். கார்ட்ரிட்ஜ் மாறியிருக்கிறது என்ற எச்சரிக்கை, கோளாறு அல்ல. ஹாண்ட்லரே அழித்துக்கொள்ளும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள்தான் 13 போட மறந்துவிட்டு இதில் மாட்டுவார்கள்.

அறிகுறி: சில சமயம் வாசிக்கிறது, சில சமயம் பிழை

ஹாண்ட்லர் பிழை வந்தால் பல தடவை முயன்று பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் சொல்லும். நல்ல பண்பு, ஆனால் நோய் கண்டுபிடிக்கும்போது அது நோயை மறைக்கிறது. செட் டிஎல் ரீட்ரை=1 கொடுத்து மறுபடி பூட் பண்ணுங்கள். பிறகு டிரெக்டரி/பேட்பிளாக்ஸ் ஓடவிடுங்கள். இது வாசிக்க மட்டுமே செய்யும், எழுதாது.

வரும் பட்டியலை அப்படியே நம்பாமல் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். பட்டியலில் உள்ள சாதாரண எண்ணை எடுத்து 20ஆல் வகுங்கள், மீதியைத் தள்ளிவிடுங்கள். ஆர்எல்02இல் ஒரு தடத்துக்கு 20 பிளாக். ஈவு இரட்டை எண் என்றால் ஹெட் 0, ஒற்றை என்றால் ஹெட் 1. பிளாக் 45 ஹெட் 0இல் இருக்கிறது, பிளாக் 67 ஹெட் 1இல். எல்லாப் பிழையும் ஒரே ஹெட்டின் பக்கம் விழுந்தால் அது அழுக்கான ஹெட். ஓரிரு தடத்தில் மட்டும் திரண்டிருந்தால் டிஸ்கின் பரப்பு. எங்கும் சிதறி, இரண்டாம் தடவை ஓடும்போது வேறு எண்கள் வந்தால் கேபிளும் தொடுமுனையும்.

பிழை நேரத்தில் 774400இல் 20000 இருந்தால் கொன்ட்ரோலர் இல்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. 10000 மட்டும் இருந்தால் தரவு வந்த நேரத்தில் பஸ் கிடைக்கவில்லை. 10000மும் 2000மும் சேர்ந்திருந்தால் தேடிய ஹெடர் கிடைக்கவில்லை. பஸ் கிடைக்காத கோளாறு என்றால், வேறு டிஎம்ஏ கார்ட் சிபியூவுக்கு நெருக்கமாக இருந்து முந்திக்கொள்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: நோ பூட் ஆன் வொல்யூம், அல்லது இன்வாலிட் டிரெக்டரி

இரண்டும் ஒன்றல்ல. முதலாவது லேசு. மொனிட்டர் கோப்பும் ஹாண்ட்லர் கோப்பும் டிஸ்கில் இருந்தால் மட்டும் போதாது, பூட் நிரல் பிளாக் 0இலும் 2 முதல் 5 வரையும் தனியாக எழுதப்பட வேண்டும். கொப்பி/பூட் கட்டளை அதைச் செய்யும். மொனிட்டரையோ ஹாண்ட்லரையோ மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வந்தால் கையை எடுங்கள். டிரெக்டரி பிளாக் 6இல் தொடங்குகிறது, எழுதும்போது கரண்ட் போனால் முதலில் அடிபடுவது அதுதான். கோப்புகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும், அவற்றுக்கு வழி மட்டும் தெரியாது. இனிஷியலைஸும், கோப்புகளை நெருக்கி அடுக்கும் ஸ்குவீஸும் இப்போது கொடுக்கவே கூடாது. ரைட் புரொடெக்ட்டை அழுத்திவிட்டு, விடிசேர்வர் போன்ற நிரலால் முழு டிஸ்கையும் சீரியல் வழியாக லப்டொப்பில் இறக்குங்கள். 9600 வேகத்தில் 3 மணித்தியாலம் பிடிக்கும். வந்த கோப்பு சரியாக 10485760 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ பிளாக் தவறியிருக்கிறது. அதன் பிரதியொன்றை சிம்எச் என்ற எமுலேட்டரில் ஆர்எல்02ஆக இணைத்து, திருத்தும் வேலை எல்லாவற்றையும் அங்கே செய்யுங்கள். அங்கே எத்தனை தடவை பிழை விட்டாலும் காசு இல்லை.

டிஸ்கே இல்லாமல் ஆர்டி-11 வேண்டும் என்றால் லப்டொப்பில் டியு58 (சீரியல் வழியாகப் பேசும் சிறிய டேப் ட்ரைவ்) எமுலேட்டர் ஓடவிட்டு, இரண்டாவது சீரியல் போர்ட்டை 176500, வெக்டர் 300இல் வைத்து, டியு58க்கான டிடி ஹாண்ட்லர் மூலம் பூட் பண்ணலாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் டிஎல் பக்கம் எதையும் தொடாமல் ஆராய இதைவிட வசதி இல்லை.

பிரதி எடுத்து, தரவு பத்திரம் என்று தெரிந்த பிறகு மட்டும் அந்தக் கார்ட்ரிட்ஜை இனிஷியலைஸ்/ரீப்ளேஸ் கொடுத்துத் திரும்பப் பாவிக்கலாம். மாற்றுப் பிளாக்குகள் 10தான் இருக்கின்றன. கெட்டவை அதற்கு மேல் போனால் மீதியை பேட் கோப்புகளாக மூடிவைக்கும், டிஸ்க் ஓடும். ஆனால் அடுத்த மாதம் ஓடவிடும்போது அந்த எண்ணிக்கை கூடியிருந்தால் கார்ட்ரிட்ஜை ஒதுக்கிவிட்டு ஹெட்டைத் திரும்பப் பாருங்கள்.